கேனுக்கும் ஒரு பொட்டு

கேனுக்கும் ஒரு பொட்டு வெச்சிரு வசந்தா, அதுந்தான நமக்குச் சோறு போடுதுன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு இந்த மனுசன், பொரியும் பூசணிக்காயும் வாங்க. அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் சந்தனக் கிண்ணத்தைக் கையில வெச்சுட்டுத் திருதிருன்னு உக்காந்திருக்கறேன். தள்ளிட்டுப் போய்ப் புல்லு வெட்டற மெஷினுக்கு வெச்சாச்சு, தோள்ல மாட்டிட்டு வெட்டற நீளக் குழாய் மெஷினுக்கு வெச்சாச்சு, மண்வெட்டி, செடி வெட்டற கத்திரி, புல்லு அள்ளற கூடை வரைக்கும் வெச்சாச்சு. மிச்சம் கேன் ஒண்ணுதான். கதவு மூலையில உக்காந்துட்டு என்னையவே பார்க்குது. நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். ஆயுத பூசையும் அதுவுமா ஒரு பொம்பள பெட்ரோல் கேனைப் பார்த்துப் பயந்துட்டு உக்காந்திருக்கறான்னா கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா? பயம்னும் சொல்ல முடியாது. பயமா இருந்தா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிரலாமே. இது ஆசை. எச்சி ஊறுது. பெட்ரோலைப் பார்த்து எச்சி ஊறுதுன்னு யாருகிட்டப் போய்ச் சொல்றது, கர்மம். வெளிய சாரல் வேற. மெஷின்ல தண்ணி அடிக்கும்னு ஜன்னலையும் சாத்தியாச்சு, கதவையும் சாத்தியாச்சு. ஊட்டுக்குள்ள நானும் கேனுந்தான். நானும் கேனும் இன்னொருத்தரும்.

இத்தனை வருசமா எனக்கு இந்த வாசம் ஆகவே ஆகாது. கண்ணாலம் ஆகி வந்த புதுசுல இவரு சட்டையைத் தனி வாளியில போட்டு, முந்தானையால மூக்கைக் கட்டிட்டுத்தான் துவைப்பேன். ஏனுங்க, அக்கட்டால தள்ளிப் படுங்க, உங்ககிட்ட பங்க்கு நாத்தம் அடிக்குதும்பேன், சிரிச்சுட்டே தள்ளிப் படுப்பாரு. வேற என்ன பண்றது, எங்க பொழப்பே அதுல ஓடுது. துடியலூர்ப் பக்கம் இருக்கற அந்தப் பெரிய பெரிய வில்லாக்காரங்க புல்தரை எல்லாம் நாங்க ரெண்டு பேருந்தான் பார்க்கறோம். அவரு வெட்டுவாரு, நான் கூட்டி அள்ளுவேன். வெட்டற மெஷினுக்குத் தீனி பெட்ரோல். எங்க பக்கத்துப் பங்க்குல கேனை நீட்டினா ஊத்த மாட்டேங்கறாங்க, வண்டியிலதான் ஊத்துவாங்க. இவரு என்ன பண்ணுவாரு, வண்டி டேங்கை நிறைச்சுட்டு வந்து, வாசல்ல வெச்சு டியூப் போட்டு வாயால ஒரு இழு இழுத்து கேன்ல இறக்குவாரு. மொதல்ல எல்லாம் தண்ணி பாட்டில்லதான் புடிச்சு வெச்சிருந்தாரு. அவங்க பெரியப்பா ஒரு நாள் வேகாத வெயில்ல வந்தவரு, அம்மிணி நீ எந்திரிக்காத, நானே எடுத்துக்கறேன்னு பாட்டிலை எடுத்து அண்ணாந்து வாயில ஊத்திட்டாரு. துப்பினாரு பாருங்க, வாசல் வரைக்கும் போச்சு. ஒரு வாரம் ஏப்பம் விட்டாலே பங்க்கு வாசம்னு ஒறம்பரை, சொந்தக்காரங்க பூரா சொல்லிட்டுத் திரிஞ்சாரு. அதுக்கப்பறந்தான் கேன். கேன் காதுல செகப்புத் துணி கட்டி, கதவு மூலையில. வெளிய வெச்சா தூக்கிட்டுப் போயிருவாங்களாம். உள்ள வெச்சா? அடுப்புக்கும் கேனுக்கும் நடுவுல ஒத்தைச் செவுரு. சிலிண்டர் அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம். நெனைச்சா ஊட்டுக்குள்ள இருக்க முடியாது. நெனைக்காம இருந்துட்டேன், அவ்வளவுதான். எல்லாரும் அப்படித்தான இருக்கறோம்.

ஆனா ஒரு நாள் சாயங்காலம் இவரு பெட்ரோல்ல ஆயிலைக் கலந்து குலுக்கிட்டு இருந்தாரு. அந்தக் குழாய் மெஷினுக்கு வெறும் பெட்ரோல் ஆகாது, ஆயில் சேத்தோணும். நான் அடுப்படியில வெங்காயம் அரிஞ்சுட்டு இருந்தேன். வாசம் வந்து மூக்குல ஏறுச்சு பாருங்க, நாக்கடியில தண்ணியாச் சுரக்குது. புளியங்காயைக் கண்ட மாதிரி. கத்தியைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சுப் போய் அவரு பொறகால நின்னுட்டேன். என்ன வசந்தான்னாரு. ஒண்ணுமில்லைங்க, சும்மான்னேன். சும்மாவாம். அன்னிக்குப் படுத்துட்டு விரலை மடக்கி மடக்கி நாளை எண்ணிப் பார்த்தேன். அப்பறந்தான் தெரிஞ்சுது இது யாரோட ஆசைன்னு. ஏன் சாமி, உனக்கு மாங்கா கேக்கத் தெரியாதா? நெல்லிக்கா கேக்கத் தெரியாதா? எங்கக்கா முழுகாம இருந்தப்ப அடுப்புச் சாம்பலைத் தின்னா. பக்கத்து ஊட்டுப் பொண்ணு செவுத்துச் சுண்ணாம்பைச் சொரண்டித் தின்னுச்சு. அதெல்லாங்கூடப் பரவால்ல. நீ என்ன, உள்ள இருக்கறப்பவே மெஷின் ஓட்டறயா? அப்பன் பொழப்பு இப்பவே வேணுமா உனக்கு? சிரிப்பு வருது. சிரிச்சா அழுகையும் பொறகாலயே வருது, இது ஒரு தொல்லை.

சொல்லிர வேண்டியதுதான, இவருகிட்டச் சொல்றதுக்கு என்ன? சொல்லிரலாம். சொன்னா கேனை வெளிய தூக்கி வெச்சிருவாரு, பிரச்சனை தீந்துச்சு. ஆனா வாய் வரல. மொதக்கா நாள் தள்ளிப் போனப்ப மறுநாளே சொன்னேன், இவரு தெரு பூரா மைசூர்பாக்கு குடுத்தாரு. அது நிக்கல. கண்ணு பட்டுருச்சுன்னாங்க மாமியாரு. ரெண்டாவதுக்கு இவருகிட்ட மட்டும், காதோட காதாத்தான் சொன்னேன். யாருகிட்டயும் மூச்சு விடல மனுசன். ஆனா எனக்குத் தெரியாம ஒரு தொட்டில் கம்பி வாங்கி பரண் மேல சாக்குல சுத்தி வெச்சிருக்கறாரு. அதுவும் போச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்தோம், என்னைப் படுக்க வெச்சாரு. மெஷினை எடுத்துட்டு ஒரு வில்லாவுக்குப் போய், வெட்டின புல்லையே மறுபடி வெட்டிட்டு இருந்தாராம். அந்த ஊட்டுக்காரம்மா அப்பறம் சொன்னாங்க, உங்க ஊட்டுக்காரரு மழையில நனைஞ்சுட்டே வெட்டறாரு, போதும் போங்கன்னா கேக்கவே மாட்டேங்கறாருன்னு. அந்த மொகத்தை நான் இன்னொருக்கா பார்க்க மாட்டேன். என்னால ஆகாது. அதனால இந்தத் தடவை யாருக்கும் தெரிய வேண்டாம், வயிறு தானா வெளிய தெரியட்டும்னு இருந்துட்டேன். சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயித்து மேல எதையோ வெச்சு ஓட்டி, கேளுங்கன்னாங்க நர்சம்மா. டக்கு டக்கு டக்குன்னு ஒரு சத்தம். எதுக்கு இவ்வளவு அவசரமா ஓடுதுன்னு கேட்டேன். அப்படித்தான் ஓடோணும், நல்லா இருக்குதுன்னாங்க. முன்ன ரெண்டும் எனக்குச் சத்தமே காட்டல. இது காட்டிருச்சு. அன்னிக்குச் சந்தையில தக்காளி வாங்கறதுக்குப் பதிலா வேற என்னத்தையோ வாங்கிட்டு வந்து நின்னேன், இவரு திட்டினாரு. திட்டட்டும்னு சிரிச்சுட்டு நின்னேன்.

அதே நர்சம்மாதான் சொன்னாங்க, செடிக்கு அடிக்கற மருந்து, மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயிண்டு, இதுக கிட்டயெல்லாம் போகாதீங்கன்னு. சரிங்கன்னு பெருசாத் தலையாட்டிட்டு வந்தேன். வந்து கதவைச் சாத்தினதும் நேரா கேன்கிட்டத்தான் போனேன், மானங்கெட்டவ. ஒரே ஒருக்காதான்னு மூடியைத் திருகறது, புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும், வெக்கையில உப்பிக் கிடக்கும் அது, மூக்கைக் கொண்டு போய் வெச்சு ஒரு இழு. தலை கிறுகிறுங்கும். அய்யோன்னு மூடிருவேன். மூடினேனோ இல்லையோ, எந்த வேகத்துல மூடினேனோ. மூடி சரியா இறுகலைன்னா பெட்ரோல் தானாப் பறந்துருமாம், அது எனக்குத் தெரியாமப் போச்சு. இவரு கேனைத் தூக்கித் தூக்கிப் பார்க்கறாரு, குறையுதே வசந்தாங்கறாரு. சந்தேகம் போச்சு பாருங்க, எதுத்த ஊட்டு மருதாசலண்ணன் மேல. அவரு ஆட்டோ ஓட்டறவரு, நாங்க வேலைக்குப் போனா எங்கூட்டுச் சாவி அவங்ககிட்டத்தான் இருக்கும். அவரா இருக்குமோன்னாரு இவரு. அட ஏனுங்க, தங்கமான மனுசனைப் போயின்னேன். வேற யாரு எடுப்பாங்க, பேயா குடிக்குதுன்னாரு. பேயி அவருக்குச் சோறு போட்டுட்டு இருந்துச்சு. போன வாரத்துல இருந்து மருதாசலண்ணன் கூப்பிட்டா பட்டும் படாம ஒரு ம் போடறாரு. அந்தண்ணன் மொகம் வாடிப் போகுது. ஒரு வாசத்துக்காக நல்ல மனுசங்க ரெண்டு பேத்தைப் பிரிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். இதைக் கேட்டா யாராச்சும் நம்புவாங்களா?

சரி, பொட்டு வெச்சுட்டு எந்திரிச்சரலாம். பொட்டுதான, ஒரு விரல், ஒரு நொடி. மூச்சைப் புடிச்சுட்டு வெச்சிரலாம். வெச்சாச்சு. வெள்ளைக் கேன்ல மஞ்சச் சந்தனம், நடுவுல குங்குமம், பார்க்க மாரியாத்தா மாதிரியேதான் இருக்குது. ஆத்தா, என்னை எந்திரிச்சுப் போக உடு. மூச்சு எவ்வளவு நேரந்தான் புடிக்கறது? உட்டாச்சு, இழுத்தாச்சு. மூடி வழியாவே லேசாக் கசியுது. இது போதும். போதும்னு சொல்ற கையே மூடி மேல இருக்குது. என்ற கைதான? என்ற கைதான். நர்சம்மா மொகம் வருது, டக்கு டக்கு டக்குன்னு வருது, அதுக்கு இது ஆகாது, அதுதான் கேக்குது, அதுக்குத்தான் ஆகாது, கேக்கறதைக் குடுக்காம இருந்தாலும் பாவம், குடுத்தாலும் பாவம், இது என்ன சோதனை. இனிமேல் இல்ல. இதுதான் கடைசி. சத்தியமா. புஸ்ஸு. ஆ, என்ன வாசம். புது டயரு, மழை பெஞ்ச தார் ரோடு, இவரு கழுத்து, எல்லாம் சேந்து ஒரு வாசம். கண்ணை மூடிட்டேன். கண்ணை மூடினா பயமே இல்ல. ஒரு கொழந்தை புல்தரையில குண்டி மண்ணோட உக்காந்திருக்கறது மட்டும் தெரியுது, சத்தியமாத் தெரியுது, கொழுகொழுன்னு. வாசல்ல வண்டிச் சத்தம். அய்யோ.

வந்துட்டாரு. மூடி எங்க, மூடி, மடியில, இந்தா. அவசரத்துல கேனைச் சாச்சுட்டேன். கொளக்குன்னு கொட்டிருச்சு, தரையில பரவுது. துணி, துணி, பழைய சட்டை, போட்டுத் துடை, மூடியைத் திருகு, துணியை எங்க போடறது, கட்டிலடியில. என்ன நாத்தம். இல்ல, வாசம். இல்ல, நாத்தந்தான். கதவைத் திறந்துட்டு உள்ள வந்து, சாரலுக்குப் பயந்து மறுபடி சாத்தறாரு. தலையில தண்ணி சொட்டச் சொட்ட, கக்கத்துல பூசணிக்காய், கையில பொரிப் பொட்டலம், மொகமெல்லாம் சிரிப்பு. நோம்பின்னா இந்த மனுசனுக்குச் சின்னப் பையன் கணக்காத்தான். அவருக்கு வாசம் தெரியாது. அந்த மூக்குக்குப் பன்னீரும் ஒண்ணுதான் பெட்ரோலும் ஒண்ணுதான்.

"என்ன வசந்தா, இன்னும் விளக்கே பத்த வெக்கல?"

"ஈரத்துல திரி புடிக்கலைங்க."

பொய்யி. திரியைத் தொடவே இல்ல. நல்ல வேளை தொடல. எலையை விரிக்கறாரு, பொரியைக் கொட்டறாரு, கடலையைக் கொட்டறாரு, தட்டுல சூடத்தை வெக்கறாரு. தீப்பெட்டி எங்கங்கறாரு. என்ற பொறகால இருக்குது, சொல்ல மாட்டேன். எனக்கு மெக்கானிக் கடைதான் நெனப்புக்கு வருது. ஒருக்கா மெஷினைச் சரி பண்ணப் போயிருந்தோம். கேன் ஒரு மூலையில திறந்து கிடந்துச்சு, யாரோ பீடியை இன்னொரு மூலையில போட்டாங்க. நடுவுல ஒண்ணுமே இல்ல, வெறும் தரைதான். நீலமா ஒரு நெருப்பு தரையோட ஓடி வந்துச்சு. பெட்ரோல் வாசம் மேல போகாதாம், படுத்துட்டே பரவுமாம். அன்னிக்கு எல்லாரும் வெளிய குதிச்சுத் தப்பிச்சோம். இங்க கதவு சாத்தியிருக்குது. ஜன்னல் சாத்தியிருக்குது. அந்தப் பக்கம் சிலிண்டர். கொஞ்சம் கதவைத் திறங்க, காத்து வரட்டுமேன்னேன். சாரல் அடிக்குது புள்ளே, சூடம் அணைஞ்சுரும்னாரு. கொஞ்சம் பொறுத்துப் பண்ணலாமேன்னேன். நல்ல நேரம் போயிரும்னாரு. என்ன சொல்றது? வாந்தி வருதுன்னு சொல்லலாம், எதுக்கு வாந்திம்பாரு. தலை வலிக்குதும்பேன், தைலம் எடுத்துக் குடுப்பாரு, குடுத்துட்டு சூடத்தைப் பத்த வெப்பாரு. கேன் கொட்டிருச்சும்பேன், மூடியை எதுக்குத் திறந்தேம்பாரு. எந்தப் பக்கம் போனாலும் அங்கதான் வந்து நிக்குது. அதைச் சொல்லாம இதைச் சொல்ல முடியாது. இதைச் சொல்லாட்டி மூணு பேரும் இல்ல. அவரு சட்டைப் பையைத் தடவறாரு. சூடம் வாங்கறப்பவே தீப்பெட்டியும் வாங்கிட்டு வந்துட்டாராம். சமத்து. குச்சியை எடுத்தாரு. உரசினாரு. ஈரத்துல மருந்து வழிஞ்சுது, புடிக்கல. இன்னொரு குச்சியை எடுத்தாரு.

"வேண்டாம்!"

அது என்ற சத்தமான்னு எனக்கே தெரியல. தாவிப் போய் அவரு ரெண்டு கையையும் சேத்துப் புடிச்சுட்டேன். பொரியெல்லாம் செதறிப் போச்சு.

"பத்த வெக்காதீங்க. கேனைத் திறந்தேன், கொட்டிருச்சு. ஊடு பூரா நிக்குது."

"எதுக்குத் திறந்தே?"

"மோந்து பார்க்க."

என்ற மொகத்தையே பார்க்கறாரு. பைத்தியம் புடிச்சுருச்சான்னு பார்க்கற பார்வை. "மோந்து பார்க்கவா? நாத்தம்னு என்னையவே தள்ளிப் படுக்கச் சொல்றவ நீ."

"இப்பப் புடிக்குதுங்க. பெட்ரோல் எங்கயும் போகலைங்க, மருதாசலண்ணன் தொடக்கூட இல்ல. நாந்தான் தெனமும் திறந்து திறந்து மூடினேன். எனக்கு நாள் தள்ளிப் போச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சு துடிக்கறதைக் கேட்டேன். நல்லா இருக்குதுன்னாங்க. உங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு. உங்க மொகத்தை நெனைச்சுத்தான்…"

சொல்லிட்டேன். எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டேன், அள்ள முடியாது இனி. அவரு எடுத்த குச்சியைப் பெட்டிக்குள்ள திருப்பி வெச்சாரு. தீப்பெட்டியைப் பைக்குள்ள போட்டாரு, போட்டுட்டு என்ன நெனைச்சாரோ, எடுத்து ஜன்னலைத் திறந்து மழையில வீசிட்டாரு. கதவைத் திறந்து போட்டாரு. என்ற தோளைப் புடிச்சு வாசல்ல கொண்டுவந்து நிறுத்தினாரு, நான் உடைஞ்சு போயிருவேன்னு நெனைச்சாரு போல, அவ்வளவு மெதுவா. உள்ள போயிக் கேனைத் தூக்கினாரு. கட்டிலடியில இருந்து அந்தத் துணியையும் இழுத்தாரு, எப்படித்தான் கண்டுபுடிச்சாரோ. பொறகால துணி துவைக்கற கல்லுக்கும் அக்கட்டால, தகரத்துக்கு அடியில கொண்டு போய் வெச்சுட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவறாரு, மறுபடி கழுவறாரு.

"நாளைல இருந்து அது ஊட்டுக்குள்ள வராது. வில்லா மோட்டார் ரூமுலயே வெச்சுக்கறேன், கேட்டா குடுப்பாங்க."

"யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டா?"

"போகட்டும் புள்ளே!"

அதட்டறாரு. அதட்டிட்டு மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கறாரு. தோள் குலுங்குது. அய்யோ, அந்த மொகமா, மறுபடி அந்த மொகமான்னு எட்டிப் பார்த்தேன். இல்ல. கண்ணுல தண்ணி வழியுது, ஆனா பல்லெல்லாம் தெரியுது. பெட்ரோலாடி கேட்டுச்சு அது, பெட்ரோலான்னு கேக்கறாரு, சிரிக்கறாரு, மூக்கை உறிஞ்சறாரு. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. எத்தனை நாளாச்சு நாங்க இப்படிச் சேந்து சிரிச்சு. காத்து உள்ள பூந்து ஊட்டைக் கழுவிட்டு இருக்குது.

மழை விட்டுருச்சு. மெஷினுகளை ஒவ்வொண்ணா வாசலுக்குத் தள்ளிட்டு வந்தாரு. டேங்கெல்லாம் காலியான்னு குனிஞ்சு பார்த்தாரு, இத்தனை வருசத்துல இன்னிக்குத்தான் பார்க்கறாரு. நான் மறைச்சு வெச்ச தீப்பெட்டியை வாங்கிட்டு, தெருவுல நல்லாத் தள்ளி நின்னு சூடத்தைக் காட்டினாரு. நானும் கும்பிட்டேன். அப்பறம் பூசணிக்காயை எடுத்தாரு. குங்குமத் தண்ணி ஊத்தி, மெஷினைச் சுத்தி, என்னையும் நிக்க வெச்சுச் சுத்தி, நடுத்தெருவுக்குப் போயி, ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிட்டாரு. தூக்கினவரு அப்படியே நிக்கறாரு. என்னடா இதுன்னு பார்க்கறேன். கையை மெதுவா இறக்கினாரு. பூசணிக்காயை ரோட்டுல பூ மாதிரி வெச்சாரு. என்னைப் பார்த்தாரு. அப்பத்தான் எனக்கே உறைச்சுது. பெட்ரோல் பெட்ரோல்னு கிடந்ததுல இதை நான் நெனைச்சே பார்க்கல. வேற ஆளை உடைக்கச் சொன்னா ஏன்னு கேப்பாங்க, சொல்லட்டுமான்னு கேக்குது அவரு கண்ணு. மாமியாரு சொன்ன கண்ணு, தெருக் கண்ணு, மைசூர்பாக்குத் தின்ன கண்ணு அத்தனையும் வந்து போச்சு. வரட்டும். நான் தலையை ஆட்டினேன்.

"மருதாசலண்ணா! ஏனுங்ணா, கொஞ்சம் வாங்க!"

ஆட்டோவுக்கு மாலை போட்டுட்டு இருந்த அந்தண்ணன் திரும்பிப் பார்த்தாரு. ஒரு வாரமா ம் போட்டவன் அண்ணாங்கறானேன்னு சந்தேகமாத்தான் வந்தாரு.

"இந்தப் பூசணிக்காயை நீங்க உடைச்சுக் குடுங்கண்ணா."

"ஏன்டா சென்னியப்பா, உன்ற கைக்கு என்ன?"

"நான் உடைக்கக் கூடாதுங்ணா. புள்ள பொறக்கற வரைக்கும்."

மருதாசலண்ணன் அவரை ஒருக்காப் பார்த்தாரு, என்னை ஒருக்காப் பார்த்தாரு. வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. எதுத்த வாசல்ல அவரு சம்சாரம் கையில இருந்த தட்டைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சு நின்னாங்க. அந்தண்ணன் தூக்கிப் போட்ட போடுல பூசணிக்காய் தெருக் கோடி வரைக்கும் செதறுச்சு. நாலஞ்சு ஊட்டுக் கதவு திறந்துச்சு, என்ன என்னன்னு கேட்டாங்க. இவரு எல்லாத்துக்கும் சத்தமாச் சொல்லிட்டு இருந்தாரு. நான் உள்ள ஓடல. வயித்து மேல கையை வெச்சுட்டு வாசல்லயே நின்னேன், எல்லாரும் நல்லாப் பார்க்கட்டும்னு.